அடிக்கோலின் வெற்று முனை

சிவசாமிக்கு அளவென்றால் கவாத்துக் கம்புதான். தேயிலைச் செடியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் அது மரமாக ஓடிவிடாமல் பக்கவாட்டில் கிளைத்துக் கொழுந்து கொடுக்கும். அந்த வெட்டுக்குப் பெயர் கவாத்து. ரொம்பத் தாழ்த்தி வெட்டினால் செடி பட்டுப்போகும். உயர்த்தி வெட்டினால் சுள்ளிதான் மிஞ்சும். அதனால் கவாத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியின் கையில் எப்போதும் ஒரு கம்பு இருக்கும். சரியாக நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதன் அடியைத் தரையில் ஊன்ற வேண்டும், தலை எங்கே நிற்கிறதோ அங்கே வெட்ட வேண்டும். கம்பில் எண் கிடையாது, கோடு கிடையாது. முனை எதைத் தொடுகிறதோ அங்கிருந்து அளவு தொடங்குகிறது, அவ்வளவுதான். வெட்டுவதற்கு மெசின் வந்த பிறகும் சிவசாமி அந்தக் கம்பை விடவில்லை. முப்பத்தோரு வருடமாக அவர் கை அப்படியே பழகியிருந்தது.

அவர் குடியிருந்தது ரிங்லெட்டுக்கு மேலே, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த மேட்டு லைனில். ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள். முன்பக்கம் எஸ்டேட் சாலை, பின்பக்கம் செங்குத்தாக வெட்டிய மலை. ஆகஸ்டு மாதம் மூன்றாம் வீடான அவருடைய வீட்டின் பின்சுவரில், கூரையடியிலிருந்து தரைவரைக்கும் ஒரு வெடிப்பு ஓடியது. மலை நகரத் தொடங்கினால் முதலில் சொல்வது சுவர்தான். ஆறு வீட்டு ஆட்களும் ஆபீசுக்குப் போய் நின்றார்கள். ஆபீஸ், ஈப்போவிலிருந்து சுபத்ரா என்கிற இஞ்சினியரை வரவழைத்தது.

வயது முப்பதுகூட இருக்காது. ஆனால் வேலையில் கெட்டி. வெடிப்பின் குறுக்கே பென்சிலால் படுக்கையாக ஒரு கோடு இழுத்தாள். எப்போது அளந்தாலும் இந்தக் கோட்டின் மேல்தான் அளக்க வேண்டும், மேலே அளந்தால் ஓர் அகலம் வரும், கீழே அளந்தால் வேறு அகலம் வரும் என்றாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் இரும்பு அடிக்கோலை எடுத்தாள். அதன் முனையை வெடிப்பின் இடது விளிம்பில் பொருத்தி, வலது விளிம்பு எந்தக் கோட்டுக்கு நேரே நிற்கிறது என்று பார்த்தாள். ஒன்பது மில்லிமீட்டர்.

சிவசாமிக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஒரு ருசி உண்டு. பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எண் போட்ட நீளக் கோடுகள் சென்டி. இரண்டு நீளக் கோடுகளுக்கு நடுவே ஒன்பது சின்னக் கோடுகள் நிற்கும். ஆனால் எண்ண வேண்டியது கோட்டை அல்ல, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, அது பத்து. ஒவ்வொன்றும் ஒரு மில்லி. நடுவில் கொஞ்சம் உயர்ந்து நிற்பது ஐந்தாவது கோடு. எண்ணும் கண் வழி தவறாமல் இருக்க அதைப் போட்டிருக்கிறார்கள். விளிம்பு இரண்டு கோட்டுக்கு நடுவே விழுந்தால் எந்தக் கோடு கிட்டவோ அதை எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கண்ணைக் கோட்டுக்கு நேர் எதிரே வைக்க வேண்டும். பக்கத்திலிருந்து சாய்ந்து பார்த்தால் எட்டு ஒன்பதாகும், ஒன்பது பத்தாகும். சிவசாமி குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒன்பது என்றார்.

"அங்கிள், வாராவாரம் நீங்களே எழுதுங்க," என்றாள் சுபத்ரா. "உங்க கண்ணு நேரா பாக்குது."

அந்த ஒரு வார்த்தை அவருக்குப் போதும், ஒரு வருடத்துக்குப் போதும்.

ஏற்பாடு இதுதான். தொடக்க எண் ஒன்பது. அது பதினைந்தைத் தொட்டால், அதாவது ஆறு மில்லி விரிந்தால், மலை நகர்கிறது என்று அர்த்தம். மேட்டு லைன் ஆறு குடும்பத்தையும் பேக்டரிக்குக் கீழே புதிதாகக் கட்டியிருக்கும் குவார்ட்டர்சுக்கு உடனே மாற்ற வேண்டும். எட்டுக் கதவுள்ள கட்டடம் அது. எட்டுச் சாவியும் ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்கின. வருடக் கடைசிவரை அந்தச் சாவிகள் மேட்டு லைனுக்காகக் காத்திருக்கும். அதற்குள் பதினைந்து வராவிட்டால் ஜனவரியில் வருகிற கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் போய்விடும்.

சனிக்கிழமைதோறும் அளந்து எழுத வேண்டிய தாளையும், அளப்பதற்கு ஓர் அடிக்கோலையும் ஆபீஸ் அனுப்பும் என்று சொல்லிவிட்டு சுபத்ரா மலை இறங்கினாள். அனுப்ப வேண்டியவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சாமிநாதன். பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் இரண்டு மாதம் பிரிஞ்சாங் போகாமலே இருந்தார். அந்த இரண்டு மாதமும் மழை. செப்டம்பரில் பெய்தது, அக்டோபரில் ஊற்றியது.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அடிக்கோல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக், முப்பது சென்டி, அந்த வகை. ஆறு வீட்டிலும் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சிவசாமியின் மனைவி ரஞ்சிதம் பின்சுவரில் வெடிப்பைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டு அடித்திருந்தாள், பென்சில் கோடு மறைந்துவிடக் கூடாதே என்று. சனிக்கிழமை வேலை விட்டு வந்த எல்லாரும் அந்தச் சுவருக்கு முன்னால் கூடினார்கள். சிவசாமி அடிக்கோலின் முனையை இடது விளிம்பில் பொருத்தினார், கவாத்துக் கம்பைத் தரையில் ஊன்றுவதுபோல. குனிந்தார். ஒரு கண்ணை மூடினார்.

ஒன்பது. ஒரு கோடுகூட நகரவில்லை.

எல்லாரும் கலையத் தொடங்க, ரஞ்சிதம் மட்டும் நகரவில்லை. அவள் பேக்டரியில் தூள் சலிக்கிறவள், வாயைத் திறந்தால் அளந்துதான் திறப்பாள்.

"ஆகஸ்டுல பென்சில்தான் உள்ள போச்சு. இப்ப என் சுண்டுவிரல் போவுது. அப்புறம் எப்படி ஒம்பதாவே இருக்கும்?"

"ஒன் விரல்ல நம்பர் அடிச்சிருக்கா? இதுல அடிச்சிருக்குலா," என்றார் சிவசாமி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆறாம் வீட்டுச் செல்லம்மா, புருஷன் போன பிறகு தனியாக இருப்பவள், தாப்பாவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணிப்பையைக் கட்டி வைத்திருந்தாள். ஒன்பது என்று கேட்டதும் போய்ப் பையை அவிழ்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் அது ஒரு வழக்கமாகிவிட்டது. மத்தியானம் ஆறு வீட்டு ஆட்களும் பின்புறம் வந்து நிற்பார்கள். கங்காணி குனிவார், பார்ப்பார், கொழுந்து நிறுக்கிற இடத்தில் எடை கூவுவதுபோல் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். திங்கட்கிழமை காலை வேலைக்கு முன் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கொடுக்கும்போது கிராணி அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வார். நான்கு வாரம் ஒன்பதே வந்தது. லைனில் உள்ளவர்கள் மழைச் சத்தம் கேட்டும் தூங்கினார்கள், கங்காணியின் எண்ணை நம்பி.

ஐந்தாவது வாரம் சிவசாமி காய்ச்சலில் படுத்துவிட்டார். சனிக்கிழமை கம்பளியை விட்டுத் தலையை எடுக்க முடியவில்லை. தாள் காலியாகப் போகக் கூடாதென்று ரஞ்சிதம் அடிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பதினைந்து என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். காய்ச்சல் வேகத்தில் அவர் உம் கொட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இறங்கியது. தாளைப் பார்த்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, பதினைந்து. கம்பளியைப் போர்த்திக்கொண்டே பின்புறம் போய் முனையை விளிம்பில் பொருத்தி அளந்தார். பத்து. திரும்ப அளந்தார். பத்துதான்.

"நாலு வாரமா நான் பாக்குறேன்," என்றார். "ஒரே வாரத்துல ஆறு மில்லி விரிஞ்சா சொவரு நிக்குமா? கூரை நிக்குமா? கொஞ்சம் யோசிக்க வேணாம்?"

"நான் பாத்தது பதினஞ்சு."

"நீ பாத்தது ஒன் ஆசைய. புது வீட்டு ஆசை."

அடுப்பில் கஞ்சி பொங்கியது, ரஞ்சிதம் அதைப் பார்க்கப் போய்விட்டாள். சிவசாமி பதினைந்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு, அதே அடிக்கோலை வைத்து இழுத்தது. பக்கத்தில் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் யோசித்ததில் ஒரு தப்பும் இல்லை. ஒரே வாரத்தில் ஆறு மில்லி என்பது நடக்காத காரியம். ஆனால் இரண்டு பேர் ஒரே கோலால் ஒரே இடத்தை அளந்து இரண்டு எண் வந்தால், யார் சரி என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கோலை எப்படி வைத்தாய்? ஒவ்வொரு கோடும் எதற்கு என்று இஞ்சினியரைத் துளைத்துத் துளைத்துக் கேட்ட மனிதர், பொண்டாட்டியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

டிசம்பர் வந்தது. தாளில் எண் பதினொன்றாகியிருந்தது. வருடக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது. பின்கதவு நிலையில் மாட்டாமல் போக, ரஞ்சிதம் அதை ராப்பியா கயிற்றால் கட்டி வைத்தாள். இரண்டுதானே ஏறியிருக்கிறது, இன்னும் நாலு இருக்கிறது என்று சிவசாமி எல்லாருக்கும் தைரியம் சொன்னார்.

ஜனவரியில் பத்தாம் நம்பர் மலையில் கவாத்து ஆரம்பம். அதற்குக் கம்பு வெட்டி வைக்க வேண்டும். வழக்கமாகப் பழைய கம்பைப் பக்கத்தில் வைத்துப் புதியதை வெட்டுவார். ஆனால் கம்பின் அடி தரையில் ஊன்றி ஊன்றித் தேயும். தேய்ந்ததைப் பார்த்து வெட்டினால் தேய்வும் கூடவே வரும். கையில்தான் அடிக்கோல் இருக்கிறதே என்று அதை எடுத்தார். முப்பது சென்டி வைத்துக் குறி, அங்கிருந்து இன்னொரு பதினைந்து வைத்துக் குறி. நாற்பத்தைந்து. மூன்று கம்பு வெட்டினார். பழைய கம்பைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் புதியது ஒரு சென்டி உயர்ந்து நின்றது. பழையது அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நினைத்து, அடிக்கோல் வாங்கிக் கொடுத்த ஆபீசை மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

முனைக்குத் தகரப் பூண் போட அந்த மூன்றையும் எஸ்டேட் தச்சர் தங்கராஜுவிடம் கொண்டுபோனார். தங்கராஜு எதையும் அளக்காமல் தொட மாட்டார். இரும்பு டேப்பை இழுத்துக் கம்பின்மேல் வைத்தார்.

"நாப்பத்தாறு. என்ன கங்காணி, இந்த வருசம் தேயிலைய ஒசரமா வளக்கச் சொல்லிட்டாரா தொரை?"

நாற்பத்தைந்துதான், என்று சிவசாமி அடிக்கோலை எடுத்துக் காட்டினார். எப்படி வைத்தீர்கள் என்று கேட்டார் தங்கராஜு. அவர் கேட்டுவிட்டார், எவ்வளவு சுலபமாக. சிவசாமி முனையைக் கம்பின் நுனியில் பொருத்திக் காட்டினார். தங்கராஜு சிரித்துக்கொண்டே கட்டைவிரல் நகத்தை அடிக்கோலின் முனையில் வைத்தார்.

"இது வெத்து எடம். கோசோங் எங்க போட்டிருக்கான் பாருங்க. இங்க."

முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, முதல் நீளக் கோட்டுக்குக் கீழே, சின்னதாக ஒரு கோசோங், ஒரு சுழியம், இருந்தது. அது அங்கே எப்போதும் இருந்தது. பிளாஸ்டிக் கோலின் முனை பைக்குள் கிடந்து இடிபடும், சிராய்த்துப் போகும். முனையிலேயே அளவைத் தொடங்கினால் முனை தேயத் தேய அளவும் தேயும். அதனால் செய்கிறவன் அரை சென்டி வெற்றிடம் விட்டு அதற்கப்புறம் கோடு போடத் தொடங்குகிறான். அந்த இடம் தேய்வதற்கென்றே கொடுத்த இடம். இரும்புக் கோல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. அதனால் அதற்கு வெற்றிடம் கிடையாது, முனையே சுழியம். சுபத்ரா இரும்புக் கோலை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவள் சொன்னது அத்தனையும் சரி, சொல்லாமல் விட்டது அந்த அரை சென்டி. அவள் கோலில் இல்லாததை அவள் எப்படிச் சொல்வாள்?

"ரெண்டு தடவ வெச்சீங்க. ரெண்டு அரை, ஒரு சென்டி. அதான் நாப்பத்தாறு," என்று சொல்லிவிட்டுத் தங்கராஜு அரத்தைத் தேடப் போனார்.

சிவசாமி மனதுக்குள் கணக்குப் போட்டார். சுவரில் ஒரு தடவைதான் வைத்தார். ஒரு அரை. ஐந்து மில்லி. முனையை விளிம்பில் வைத்ததால் சுழியம் ஐந்து மில்லி தள்ளி வெடிப்புக்குள் நின்றிருக்கிறது. அந்த ஐந்தையும் அவர் எண்ணவே இல்லை. அப்படியானால் தீபாவளிச் சனிக்கிழமை பார்த்த ஒன்பது, ஒன்பது அல்ல, பதினான்கு. கோல் வராமல் கிடந்த இரண்டு மாத மழையில் சுவர் ஐந்து விரிந்திருந்தது. வந்த கோல் சரியாக அந்த ஐந்தையே விழுங்கியது. இந்த வாரத்துப் பதினொன்று, பதினாறு. காய்ச்சல் வாரத்துப் பத்து என்ன என்று கூட்டிப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. கூட்டாமலே தெரிந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஆபீசுக்குப் போனார். அடிக்கோல், தாள், புதுக் கம்பு ஒன்று, மூன்றையும் துரையின் மேசைமேல் வைத்தார். துரை என்பது பழைய பேச்சு. அவர் மேனேஜர்தான், நல்ல மாதிரி, யாரையும் உட்காரச் சொல்கிறவர். மலாயில் பேசினார்கள். சிவசாமி முதலிலிருந்து விளக்கினார்: கம்பு எப்படி ஒரு சென்டி கூடியது, இரண்டு தடவை வைத்ததற்கு ஒன்று என்றால் ஒரு தடவைக்கு எவ்வளவு, இரும்புக் கோலுக்கும் பிளாஸ்டிக் கோலுக்கும் என்ன வித்தியாசம். துரை தன் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இரும்புக் கோலை எடுத்து இரண்டையும் முனையோடு முனை சேர்த்து வைத்தார். கோடுகள் ஐந்து மில்லி விலகி நின்றன. அவர் முகம் மலர்ந்தது. பாகுஸ், பாகுஸ், ரொம்ப நல்லது என்று தலையாட்டினார். படித்தவர்கள் எத்தனையோ பேருக்கு இது தெரியாது என்றார். இவ்வளவு பயத்திலும் சிவசாமிக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, சொன்னது ஒருவருக்குப் புரிந்துவிட்டதே என்று.

ஆகவே எல்லா எண்ணோடும் ஐந்தைக் கூட்டிக்கொண்டால் போதும், என்றார் சிவசாமி. பதினைந்து எப்போதோ தாண்டிவிட்டது. சாவி அதோ தொங்குகிறது.

துரை தாளைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வாரமும் இதே மாதிரி முனையை வைத்துத்தான் அளந்தீர்களா, நிச்சயமாகவா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எட்டு வாரத்தில் ஏழு வாரத்துக்கு அது உண்மையும்கூட. ஆனால் அளவு விஷயத்தில் பொய் சொல்ல சிவசாமிக்கு வரவில்லை. ஒரு வாரம் மட்டும் வீட்டுக்காரி அளந்தாள் என்றார்.

துரையின் விரல் தாளில் இறங்கி, கோடு இழுத்த பதினைந்தில் நின்றது.

"இது யாரு அடிச்சது?" கிராணி சாமிநாதன் பக்கத்திலிருந்து தமிழில் கேட்டார்.

"நாந்தான் கிராணி. அதுதான் சரியான நம்பர். அது தெரியாம அடிச்சிட்டேன்."

"சரியானத அடிச்சிட்டு, தப்பானத எழுதி, கையெழுத்தும் போட்டுட்டு, இப்ப சாவி கேக்குறீங்க. நான் தொரைகிட்ட என்னான்னு சொல்றது?"

துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சிவசாமி காலில் விழுந்தாவது கேட்டிருப்பார். அவர் பொறுமையாகக் கைப்பேசியை எடுத்து, சுவரை அளந்த கம்பெனியைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். சுபத்ரா அங்கே இப்போது இல்லையாம். வேறு யாரோ பேசினார்கள். வைத்துவிட்டு, மாணவனுக்குச் சொல்வதுபோல் சிவசாமிக்குச் சொன்னார். கங்காணி சொன்னது முழுக்கச் சரி. கோலை வைத்த முறை தவறு என்று அவரே நிரூபித்துவிட்டார். தவறான முறையில் எடுத்த எண்களை நம்பி ஆறு குடும்பத்தை மாற்ற முடியாது. இரண்டு பேர் இரண்டு விதமாக அளந்த தாள், அடித்துத் திருத்திய தாள். அதை வைத்துக்கொண்டு சுவர் நகர்ந்ததென்றும் சொல்ல முடியாது, நகரவில்லையென்றும் சொல்ல முடியாது. ஆகவே அந்தத் தாள் செல்லாது. சரியான கோலால், சரியான முறையில், வரும் சனிக்கிழமை புதிதாகத் தொடங்க வேண்டும். அன்று எவ்வளவோ அதுதான் முதல் எண். அதிலிருந்து ஆறு விரிந்தால் உடனே மாற்றிவிடலாம்.

ஆகஸ்டில் இஞ்சினியர் அளந்தது இரும்புக் கோலால்தானே, அந்த ஒன்பதில் என்ன தப்பு, அதையும் இன்றைக்கு அளப்பதையும் சேர்த்துப் பார்த்தால் போதுமே என்றார் சிவசாமி. நல்ல கேள்விதான். சுபத்ரா அதே பென்சில் கோட்டில்தான் அளந்தாள் என்பதற்கு எழுத்து இருக்கிறதா என்று துரை கேட்டார். கம்பெனியின் தாளில் சுவர், ஒன்பது மில்லி என்று மட்டும் இருந்ததாம்; கோட்டைப் பற்றி ஒன்றும் இல்லையாம். கோடு சுவரில் இருக்கிறதே, தன் கண்முன்னால் இழுத்தாளே என்றார் சிவசாமி. துரை தன்னுடைய இரும்புக் கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தார், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சிவசாமி வெளியே வரும்போது சாவிகளைப் பார்த்தார். எட்டும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை கட்டி, ஜனவரியில் வருகிறவர்களின் பெயரை யாரோ அழகாக எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டில் ரஞ்சிதம் சுவர் வெடிப்பில் பழைய துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள், காற்று வராமல் இருக்க. சிவசாமி எல்லாவற்றையும் சொன்னார். தச்சர் கடையிலிருந்து துரையின் மேசைவரை ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லும்போதே அடிக்கோலை எடுத்து வெற்று முனையைக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அதுல கோசோங்குன்னு போட்டிருந்திச்சு. அங்க வெச்சேன்," என்றாள். "வேற எங்க வெப்பாங்க?"

அவர் அடிக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் எங்க வெச்சேன்னு அன்னிக்கி ஒரு வார்த்த கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்லா."

திணித்த துணி உள்ளே விழுந்துவிட்டது. அவள் இன்னொன்றைக் கிழித்தாள்.

செய்தி மற்ற ஐந்து வீட்டுக்கும் தானாகவே போய்ச் சேர்ந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. நாலாம் வீட்டுக்காரர், கங்காணி புது வீடு வேண்டாமென்று துரையோடு பேசி வைத்துக்கொண்டாராம் என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னதாகக் கேள்வி. சிவசாமி அதை மறுக்கப் போகவில்லை. மறுப்பதென்றால் முனையிலிருந்து விளக்க வேண்டும். கேட்க ஆள் வேண்டுமே.

சனிக்கிழமை மத்தியானம் அவர் பின்புறம் போனபோது சுவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ரஞ்சிதம் மட்டும் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவர் இரும்புக் கோலை அவளிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்க," என்றாள் அவள், தலை நிமிராமல். "உங்க கண்ணுதான் நேரா பாக்குமாமே."

அவர் துணியை உருவிவிட்டு, பென்சில் கோட்டின்மேல் கோலை வைத்தார். முனையை இடது விளிம்பில் பொருத்தினார். முப்பத்தோரு வருடமாக வைத்த மாதிரியேதான். இந்தக் கோலுக்கு அதுதான் சரி. குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். மூன்று தடவை பார்த்தார். பதினேழு.

புதுத் தாளில் மூன்று கட்டம் இருந்தது: தேதி, அளவு, வித்தியாசம். அளவு என்ற இடத்தில் பதினேழு என்று எழுதினார். முதல் எண்ணுக்கு வித்தியாசம் கிடையாது. அங்கே சுழியம் போட வேண்டும் என்று கிராணி சொல்லி அனுப்பியிருந்தார். போட்டார்.

ஆறாம் வீட்டிலிருந்து செல்லம்மா தடி ஊன்றி மெல்ல வந்தாள். மற்றவர்கள் சொன்னது அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லையோ, அல்லது அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று வந்தாளோ தெரியாது. எவ்வளவு என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"பதினஞ்சு வந்தா போயிரலாம்னீங்களே கங்காணி."

"இப்ப இருவத்துமூணும்மா. இன்னிலேருந்து புதுசா எண்ணணுமாம்."

செல்லம்மா தடியின் முனையால் வெடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"சொவரு போவப் போவ அதுவும் கூடவே போவுமா?"

எதையும் விளக்கத் தெரிந்த மனிதர், உருவிய துணியை எடுத்துத் திரும்ப வெடிப்பில் திணித்தார். செல்லம்மா திரும்பி நடந்தாள், பையை மறுபடி கட்டலாமா வேண்டாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு. மகளும் மருமகனும் தாப்பாவில் இருந்த வீட்டை விட்டுக் கிள்ளானுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சிவசாமி தாளில் கையெழுத்துப் போட்டார். மேலே மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. ரஞ்சிதம் அலசிய துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கதவை இழுத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். அவர் வெளியிலேயே நின்றார். பிறகு முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்.